கம்பெனி பஸ்ஸும் தறிவீட்டுக் கணக்கும்

அண்மைக் காலமாகச் சங்க அலுவலகத்திற்கு வரும் அங்கத்தினர்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகள் பலவாயினும், அவை யாவும் இரண்டே கேள்விகளுள் அடங்கிவிடுகின்றன. "தறியில் துணைக்கு உட்கார ஆள் இல்லையே, என்ன செய்வது?" என்பது நெசவாளர் கேட்பது. "நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் வருவதில்லையே, என்ன செய்வது?" என்பது விவசாயி கேட்பது. கேட்கும் இருவரும் விரல் நீட்டிக் காட்டும் திசை ஒன்றுதான். விடியுமுன்னரே உத்திரமேரூர்ச் சாலையிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களின் முனையிலும் வந்து நின்று, இளைஞர்களையும் இளம்பெண்களையும் ஏற்றிக்கொண்டு ஒரகடத்திற்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் விரைகின்ற கம்பெனி பஸ்ஸையே இருவரும் காட்டுகின்றனர்.

இந்த பஸ்ஸை ஏசுவோரும் உளர். இது வந்த பிறகுதான் வீட்டில் கடனில்லாமல் ஒரு தீபாவளி கழிந்தது என்று வாழ்த்துவோரும் உளர். பல வீடுகளில் தந்தை ஏசுகிறார், தாய் வாழ்த்துகிறார். ஏசுவதாலும் வாழ்த்துவதாலும் கணக்கு நேராகாதாகையால், இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது, இது நமக்கு மட்டும் வந்ததா, பிற ஆசிய நாடுகளில் தறியும் வயலும் வைத்திருந்த நம்மைப் போன்ற குடும்பங்கள் இதனை எவ்வாறு சமாளித்தன என்பதை இவ்விதழில் சற்று விரிவாக ஆராய்வோம்.

முதலில் நமது பக்கத்துச் செய்தியைப் பார்ப்போம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் தொழிற்சாலை 1998-ஆம் ஆண்டில் கார் உற்பத்தியைத் தொடங்கிற்று. 2006-ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை வந்தது. அடுத்த ஆண்டில் சாம்சங், 2010-ஆம் ஆண்டில் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இவை பெரிய பெயர்கள். இவற்றுக்கு உதிரிப் பாகம் செய்து கொடுக்கும் சிறு ஆலைகள், கிடங்குகள், சமையற்கூடங்கள், காவல் வேலைகள் என்று இவற்றைச் சுற்றி வளர்ந்தவை இவற்றினும் மிகுதியான பேருக்கு வேலை கொடுக்கின்றன. ஓட்டை வேய்ந்த வீடும் ஒற்றைத் தறியும் வைத்திருந்த குடும்பத்தின் பெண், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், மாதச் சம்பளம் என்ற ஒன்றைத் தன் கையில் முதன்முதலாக வாங்கியது இவ்விடங்களில்தான். அந்தக் குடும்பத்தில் அதற்கு முன்னர் மாதச் சம்பளம் வாங்கியவர் எவரும் இலர்.

ஆலையில் செய்த துணி மலிவாக வருவதனால் கைத்தறி நலிகிறது என்பது நாம் நூறாண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவரும் விளக்கம். அஃது உண்மையே. அதற்காகவே 1953-ஆம் ஆண்டில் மில் துணிமீது கூடுதல் தீர்வை விதித்துக் கதருக்கும் கைத்தறிக்கும் நிதி திரட்டினர். 1985-ஆம் ஆண்டில் பட்டுச் சேலை உள்ளிட்ட சில ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கிச் சட்டம் இயற்றினர். ஆயினும் இன்று ஒரகடத்தில் எவரும் பட்டுச் சேலை செய்யவில்லை. கார் செய்கிறார்கள். காருக்கும் காஞ்சிப் பட்டுக்கும் சந்தையில் போட்டி கிடையாது. அவ்வாறிருக்க, கார் ஆலை வந்ததும் பட்டுத்தறி ஏன் நிற்க வேண்டும்? இதற்கு விடை கடைவீதியில் இல்லை. தறி வைத்திருக்கும் வீட்டுக்குள் இருக்கிறது.

ஒரு கோர்வைச் சேலை நெய்யப்படும் விதத்தை நெசவாளர் அறிவர். விவசாய அங்கத்தினர்க்காகச் சுருங்கச் சொல்வோம். சேலையின் உடலுக்கு ஒரு நிறமும் இரு கரைகளுக்கும் வேறு நிறமும் வரவேண்டுமானால், ஒரே நாடாவைக் கொண்டு நெய்ய இயலாது. உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு என மூன்று நாடாக்கள் வேண்டும். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வோர் இழையிலும் ஒன்றையொன்று கோத்துப் பிடிக்க வேண்டும். நெய்பவர் இடப்பக்கத்து நாடாவை எறியும்போது, வலப்பக்கத்தில் உட்கார்ந்து மறு கரையின் நாடாவை வாங்கி எறிய இன்னொருவர் வேண்டும். இழை இழையாக, நாள் முழுவதும், பத்து நாளோ பதினைந்து நாளோ அவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். இது தறிக்குள் நடப்பது. தறிக்கு வெளியே, ராட்டையில் தார் சுற்றித் தருபவர் வேண்டும். அறுந்துபோன இழையைச் சிக்கெடுப்பவர் வேண்டும். பாவு தீர்ந்ததும் பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் இழையைப் பிணைப்பவர் வேண்டும். விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்து வெயிலில் உலர்த்த நாலைந்து பேர் வேண்டும்.

இவர்கள் அனைவரும் யார்? தார் சுற்றியவர் மனைவி அல்லது தாய். சிக்கெடுத்தவர் கண் தெரியும் வரையில் பாட்டி. பாவு நீட்டியவர் அண்ணன் தம்பியும் எதிர்வீட்டாரும். வலப்பக்கத்தில் உட்கார்ந்தவர் பெரும்பாலும் ஒரு குழந்தை. கூலியோ நெய்பவர் ஒருவர் பெயரில் எழுதப்பட்டது. மற்றவர்களின் உழைப்புக்கு விலை கிடையாது. ஏனெனில், அவர்களுக்கு வேறெங்கும் விலை கொடுப்பார் இல்லை. தறியின் கணக்கு நேராக நின்றது இந்த விலையில்லாக் கைகளைக் கொண்டே. கம்பெனி பஸ் வந்த அன்று நடந்தது இதுதான்: விலையில்லாத கைகளுக்கு விலை கொடுப்பார் வந்துவிட்டனர். நடவு வயலில் நிகழ்ந்ததும் இதுவே. அங்கே கூலி கொடுக்கப்பட்டது என்றாலும், போக வேறிடம் இல்லாதவருக்குக் கொடுக்கப்பட்ட கூலி அது.

அந்த வலப்பக்கத்து இடத்தைப் பற்றி இன்னும் சிறிது கூற வேண்டும். நம்முள் சிலர் அவ்விடத்தில் உட்கார்ந்தே வளர்ந்தவர்கள். எட்டு வயதில் உட்கார்ந்து, குழிக்குள் கால் எட்டாமல் பலகை போட்டுக்கொண்டு நாடா எறிந்ததை இன்றும் முதுகு மறக்கவில்லை. தந்தையிடம் தொழில் கற்றோம் என்பதில் பெருமை உண்டு. பள்ளிக்கூடம் போகவில்லை என்பதும் உண்மை. சொந்தப் பிள்ளை இல்லாத தறிகளில் நடந்தது இதனினும் கொடிது. பெற்றோருக்கு முன்பணம் கொடுத்துப் பிள்ளையைத் தறியில் கட்டிவைக்கும் வழக்கம் காஞ்சிப் பகுதியில் 1990-களிலும் இருந்தது. முன்பணம் அடையுமுன் பிள்ளை வேறு தறிக்குப் போக முடியாது. 1986-ஆம் ஆண்டின் சிறார் உழைப்புச் சட்டமும், 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், 14 வயதுக்குட்பட்டோரைப் பிறர் எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்ற 2016-ஆம் ஆண்டின் திருத்தமும் இதனை ஒடுக்கின. சட்டத்திற்கு முன்னரே சோறு வேலை செய்திருந்தது என்றும் சொல்லலாம். காமராசர் ஆட்சியில் 1956-ஆம் ஆண்டில் தொடங்கி, எம். ஜி. ஆர். ஆட்சியில் 1982-ஆம் ஆண்டில் விரிவாக்கப்பட்ட மதிய உணவு, ஏழை வீட்டுப் பிள்ளையைத் தறியிலிருந்து பள்ளிக்கு இழுத்த கயிறுகளுள் ஒன்று.

ஆகவே "தறிக்குப் பிள்ளைகள் வருவதில்லை" என்று வருந்தும்போது, எந்தப் பிள்ளை, எந்த வயதில் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நலம். எட்டு வயதுப் பிள்ளை வராததற்கு நாம் வருந்தக் கூடாது. இருபது வயதுப் பிள்ளை வராததற்குத்தான் காரணம் தேட வேண்டும்.

இனி, வெளிநாடுகளைப் பார்ப்போம். நமக்கு மிக நெருங்கிய பாடம் ஜப்பானில் இருக்கிறது. அதுவும் பட்டிலேயே இருக்கிறது. அந்நாட்டு அரசாங்கம் 1872-ஆம் ஆண்டில் தொமியோக்கா என்ற ஊரில் பிரெஞ்சு இயந்திரங்களைக் கொண்டு ஒரு பட்டு நூற்பாலையை நிறுவியது. பல ஊர்களிலிருந்தும் பெண்கள் வந்து அங்கே தொழில் கற்று, தத்தம் ஊர் திரும்பிப் பிறருக்குக் கற்பித்தனர். விவசாயி வீட்டில் பட்டுப்புழு வளர்ந்தது. ஆலையில் கூடு நூலாயிற்று. நூல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அந்தப் பணத்தில் ஜப்பான் இயந்திரம் வாங்கியது. 1909-ஆம் ஆண்டளவில் சீனத்தையும் மிஞ்சி, உலகிலேயே மிகுதியாகக் கச்சாப் பட்டு ஏற்றுமதி செய்யும் நாடாக ஜப்பான் விளங்கிற்று. அந்நாட்டின் எஃகுக்கும் கப்பலுக்கும் அடியில் ஒரு பட்டு நூல் ஓடுகிறது என்றால் மிகையாகாது.

அந்நூலை இழுத்த கைகள் யாருடையவை என்று பார்த்தால், நமக்குப் பழகிய முகங்களே தெரிகின்றன. நகானோ மாநிலத்து நூற்பாலைகளுக்கு மலைக்கணவாய் கடந்து கூட்டங்கூட்டமாக நடந்து சென்ற ஏழை விவசாயிகளின் பெண்கள் அவர்கள். பெற்றோருக்கு முன்பணம் கொடுத்து அவர்களை அழைத்துச் சென்றனர். இருமலும் காசநோயும் வாங்கிக்கொண்டு திரும்பினோர் பலர். 12 வயதுக்குட்பட்டவரைப் பொதுவாக ஆலை வேலையில் அமர்த்தலாகாது என்று 1911-ஆம் ஆண்டில் சட்டம் செய்தும், அது நடைமுறைக்கு வர 1916 ஆயிற்று. காஞ்சித் தறியின் முன்பணமும் நகானோ ஆலையின் முன்பணமும் ஒரே காசின் இரு பதிப்புகள்.

பின்னர் நைலான் வந்தது. 1940-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடைகளில் நைலான் காலுறை விற்பனைக்கு வந்தபின் பட்டுக் காலுறைக்கு வேலையில்லாது போயிற்று. போருக்குப் பிறகு ஜப்பானில் கார் ஆலைகளும் மின்கருவி ஆலைகளும் எழுந்து, கூடு வளர்த்த கைகளுக்கும் நூல் இழுத்த கைகளுக்கும் அதிக விலை கொடுத்தன. தொமியோக்கா ஆலை 1987-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 2014-ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாயிற்று. கியோட்டோ நகரின் நிஷிஜின் பகுதியில் விலையுயர்ந்த இடைக்கச்சைகள் நெய்யும் தறிகள் இன்றும் உள்ளன. ஆனால் அத்தறிகளில் இருப்போர் பெரும்பாலும் முதியோர். தன் நாட்டில் பட்டு தேய்ந்துவிட்ட நிலையில், 1991-ஆம் ஆண்டு முதல் ஜப்பானிய நிபுணர்கள் இந்தியாவுக்கு வந்து வெண்பட்டுக்கூடு வளர்ப்பைக் கற்பிக்க உதவினர். இன்று நமது சேலையில் ஓடும் நல்ல வெண்பட்டு இழையில் அவர்கள் விட்டுப்போன தொழிலின் சாரம் சிறிது உண்டு. ஒரு தொழில் நாடு மாறி உயிர் வாழ்வதை இதனினும் தெளிவாகக் காட்டும் செய்தி வேறில்லை.

நமது நாட்டுக் கணக்கும் அதே திசையில்தான் செல்கிறது. கைத்தறிக் கணக்கெடுப்புப்படி 1987-88-ல் இந்தியாவில் கைத்தறியை நம்பியிருந்த தொழிலாளர் 67 லட்சத்துக்குச் சற்று மேல். 2009-10-ல் அவர்கள் 43 லட்சம். 2019-20-ல் 35 லட்சம். இந்த 35 லட்சத்தில் சுமார் 27 லட்சம் பேர் நெய்பவர்கள். எஞ்சிய எட்டரை லட்சம் பேர் தார் சுற்றுவோர், பாவு செய்வோர் போன்ற துணைத்தொழிலாளர். கணக்கெடுப்பு அவர்களை எண்ணுகிறது. நமது சங்கப் புத்தகம் எண்ணுகிறதா என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

விவசாய அங்கத்தினர்க்குரிய பாடம் ஜப்பானின் வயல்களிலும் தைவான் தீவிலும் இருக்கிறது. போருக்குப் பின் ஜப்பானில் 1946 முதல் நிலச்சீர்திருத்தம் நடந்து, குத்தகைக்காரர் நிலச் சொந்தக்காரராயினர். 1947-ஆம் ஆண்டில் விவசாயக் கூட்டுறவுச் சட்டம் வந்தது. இங்கு ஒரு செய்தியை இடையில் சொல்லிவிடுகிறோம். ஜப்பானின் முதற் கூட்டுறவுச் சட்டம் 1900-ஆம் ஆண்டினது. இந்தியாவின் முதற் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904-ஆம் ஆண்டினது. இரண்டும் ஜெர்மனியின் கிராமக் கடன் சங்கங்களைப் பார்த்துச் செய்யப்பட்டவை. சென்னை மாகாணத்தில் பிரடெரிக் நிக்கல்சன் தம் நீண்ட அறிக்கையில் ஜெர்மானியரான ரைஃபைசனை முன்மாதிரியாகக் காட்டினார். 1904-ஆம் ஆண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் விவசாயிகளுக்கும், நம் காஞ்சிபுரத்தில் நகரத்தார்க்கும் சங்கங்கள் பதிவாயின. ஆக, ஜப்பானிய விவசாயியும் நாமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே பள்ளியில் சேர்ந்த மாணாக்கர்.

ஆலைகள் பெருகியபோது ஜப்பானியக் கிராமத்தில் என்ன நடந்தது? ஆண்கள் ஆலைக்குச் சென்றனர். நிலத்தை விற்கவில்லை. 1960-களின் தொடக்கத்தில் அந்நாட்டார் ஒரு புதுச் சொல்லை வழங்கினர். தாத்தா, பாட்டி, அம்மா ஆகிய மூவர் மட்டுமே செய்யும் விவசாயம் என்பது அதன் பொருள். நமது கிராமங்களில் இன்று காலை பத்து மணிக்கு வரப்பில் யார் யார் நிற்கின்றனர் என்று பார்த்தால், அச்சொல்லை நாமே உண்டாக்கியிருக்கலாம் என்று தோன்றும். அங்கே கூட்டுறவுச் சங்கங்கள் உரத்தையும் விதையையும் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்தன; நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் பரவக் கடன் கொடுத்தன; நெல்லை வாங்கிக்கொண்டன. மூவரால் வயலைக் காக்க முடிந்தது இதனால்தான். ஆனால் இதில் ஒரு குறையும் விளைந்தது. வயல் காக்கப்பட்டதே தவிர, அதில் ஓர் இளைஞன் தன் வாழ்நாளைச் செலவிட ஏற்ற வருமானம் வரவில்லை. தாத்தா இறந்தபின் அப்பா ஓய்வுபெற்று வயலுக்கு வந்தார். அவருக்குப் பின் வருவோர் அரிது. 2020-ஆம் ஆண்டில் ஜப்பானில் விவசாயத்தையே முக்கியத் தொழிலாகக் கொண்டோரின் சராசரி வயது 67-ஐத் தாண்டியிருந்தது. இதனை நாம் பாராட்டாகவும் எச்சரிக்கையாகவும் கொள்ள வேண்டும்.

தைவானின் வழி சற்று வேறு. அங்கே 1949-ஆம் ஆண்டில் குத்தகையை விளைச்சலில் நூற்றுக்கு முப்பத்தேழரைக்கு மேற்படலாகாதென வரையறுத்தனர். 1953-ஆம் ஆண்டில் உழுபவனுக்கே நிலம் என்ற சட்டம் வந்தது. நகரியம் நகரியமாக இருந்த விவசாயிகள் சங்கங்கள் கடன் பிரிவு, நெல் ஆலை, கிடங்கு, விளக்கப் பணி ஆகிய அனைத்தையும் ஒரே கூரையின்கீழ் நடத்தின. அச்சங்கங்களைக் கொண்டு அரசாங்கம் உரத்துக்கு ஈடாக நெல்லைக் கட்டாயமாகப் பெற்றதும், அந்த மாற்று விகிதத்தால் விவசாயிகள் பல ஆண்டுகள் நொந்துகொண்டதும் உண்மை. அது 1973-ஆம் ஆண்டில்தான் நின்றது. ஆயினும் அங்கே ஆலைகள் ஒரே மூலையில் குவியாமல் ஊர்கள்தோறும் சிதறி எழுந்தன. காலையில் சைக்கிளில் ஆலைக்குச் சென்று மாலையில் வயலுக்குத் திரும்பக்கூடிய தூரத்தில் அவை இருந்தன. 1970-களில் விவசாயக் குடும்பங்களின் வருமானத்தில் பாதிக்கு மேல் வயலுக்கு வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவ்வேளையில் நடவுக்கு ஆளில்லை என்ற குரல் அங்கும் எழுந்தது. அதற்கு அவர்கள் கண்ட வழி, வீட்டுக்கு வீடு நாற்றங்கால் போடுவதை விட்டு, பொது நாற்று நிலையங்களில் தட்டுகளில் நாற்று வளர்த்து, அதே நிலையம் இயந்திரத்தோடு வந்து நட்டும் கொடுப்பது. விவசாயி தன் நிலத்தையும் முடிவையும் தன் கையில் வைத்துக்கொண்டு, இடுப்பொடிக்கும் வேலையை மட்டும் கூலிக்குக் கொடுத்தான்.

கொரியாவைப் பற்றியும் ஒரு சொல். 1970-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் கிராமம் ஒன்றுக்கு 335 மூட்டை சிமெண்டு கொடுத்தது. ஊரார் கூடி எதற்குச் செலவிடுவது என முடிவு செய்யலாம், பங்கிட்டு எடுத்துக்கொள்ளலாகாது. நன்கு பயன்படுத்திய ஊர்களுக்கு அடுத்த முறை 500 மூட்டையும் ஒரு டன் இரும்பும் கிடைத்தன. மற்ற ஊர்களுக்கு இல்லை. இதில் அதிகாரத்தின் கண்டிப்பும் இருந்தது. அதை நாம் விரும்ப வேண்டியதில்லை. ஆனால் பொதுப்பணம் பொதுவேலைக்கே என்ற முதல் நிபந்தனை, நமது சங்கங்களில் பங்கு ஈவு பற்றி மட்டும் பேசும் அன்பர்கள் சிந்திக்கத் தக்கது.

இவ்வளவும் கேட்டபின் சிலர் சொல்வர்: "அப்படியானால் எல்லாரும் ஆலைக்கே போகட்டும், தறியும் வயலும் எதற்கு?" இதற்கு விடையாக நமது பக்கத்துச் சாலையிலேயே நடந்த இரண்டு செய்திகளைச் சொல்வோம். ஸ்ரீபெரும்புதூரின் நோக்கியா ஆலை தொடங்கி எட்டு ஆண்டுகளே ஆன 2014-ஆம் ஆண்டு நவம்பரில் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அவர்களுள் பெரும்பகுதியினர் கிராமத்துப் பெண்கள், இருபத்தைந்து வயதுக்குள் பழைய தொழிலாளர் ஆயினர். அதே வளாகத்தில் பின்னர் வேறொரு நிறுவனம் தொழில் தொடங்கிற்று. ஆனால் இடையில் கழிந்த ஆண்டுகள் அப்பெண்களுக்குத் திரும்பி வரவில்லை. மறைமலைநகரில் ஃபோர்டு கார் ஆலை 2022-ஆம் ஆண்டில் உற்பத்தியை நிறுத்தியது. பன்னாட்டு ஆலைக்கு நமது ஊர் பல இடங்களுள் ஓரிடம். கணக்கு வேறுபட்டால் அது பெயர்ந்துவிடும். குடும்பம் பெயர முடியாது. ஆலை நின்ற காலத்தில் வீட்டில் ஒரு தறியும் ஏரிப்பாசனத்தில் ஓர் ஏக்கரும் இருந்தவன் சோற்றுக்கு அலையவில்லை. நிலத்தை மனைக்கல் நடுவோருக்கு விற்று, அந்தப் பணத்தில் வீடு கட்டி, வண்டி வாங்கியவன் நிலை என்னவாயிற்று என்பதை அங்கத்தினர்கள் தம் தெருவிலேயே கண்டிருப்பார்கள்.

ஆகவே தறியும் வயலும் இருக்க வேண்டும். விலையில்லாக் கைகளை நம்பி அவை இனி இருக்க முடியாது. இந்த இரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொண்டால், சங்கத்தின் வேலை என்ன என்பது தெளிவாகிறது. வீடு இலவசமாகச் செய்துவந்த வேலைகளைச் சங்கம் கூலிக்குச் செய்து தர வேண்டும். வீட்டுக்குள்ளேயே செய்யப்படுபவற்றுக்கு, செய்தவர் பெயரிலேயே கூலி எழுத வேண்டும்.

நெசவுப் பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். விளங்குவதற்காக ஒரு கணக்கு, தொகைகள் உதாரணமே. ஒரு கோர்வைச் சேலைக்குக் கூலி 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நெய்ய 12 நாள். நெய்பவர், "நாளொன்றுக்கு எனக்கு 833 ரூபாய்" என்று எண்ணிக்கொள்கிறார். இப்போது உண்மைக் கணக்கைப் போடுவோம். நெய்பவருக்கு 12 நாள். வலப்பக்கத்துத் துணையாளுக்கு 12 நாள். தார் சுற்றியவருக்கு 3 நாள். அந்தச் சேலையின் பங்குக்கு வரும் பாவு வேலை ஒரு நாள். ஆக 28 ஆள்நாள். 10,000-ஐ 28-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 357 ரூபாய். வைப்பு நிதி இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை, மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறினால் அந்நாளுக்குக் கூலியும் இல்லை. மகள் கம்பெனி பஸ்ஸில் ஏறுமுன் இந்த வகுத்தலை மனத்திலேயே செய்து முடித்துவிட்டாள். நாம்தான் இன்னும் 833 என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கூலி விகிதத்தை ஆள்நாட் கணக்கில் நிர்ணயித்தால் சேலையின் விலை ஏறும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஏறும். காஞ்சிபுரம் பட்டு என்ற பெயர் புவிசார் குறியீடு பெற்று இருபது ஆண்டுகள் ஆகின்றன. அப்பெயருக்காக வாங்குவோர் வெள்ளியின் விலை ஏறும்போது அதனைக் கொடுக்கத்தான் செய்கின்றனர். சரிகையின் விலையை ஏற்கும் சந்தை, கையின் விலையை மட்டும் ஏற்காது என்பதற்கு ஆதாரம் இல்லை. கூலியை ஏற்றாமல் கோர்வையைக் கைவிட்டு, ஒற்றை நாடாவில் கரையையும் உடலையும் சேர்த்து நெய்துவிடும் வழியும் இருக்கிறது. அதற்குத் துணையாள் வேண்டாம். பல தறிகளில் இப்போது அதுதான் நடக்கிறது. அதைக் குற்றமென்று சொல்லமாட்டோம். ஆனால் அந்தச் சேலைக்கும் விசைத்தறிச் சேலைக்கும் இடையே வாங்குபவர் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு குறைவு என்பதை நினைவில் வைக்க வேண்டும். தார் சுற்றுவதைச் சங்கக் கட்டடத்தில் மின் ராட்டையில் ஓரிருவரைக் கூலிக்கு அமர்த்திச் செய்யலாம். பாவு பிணைப்போரைச் சங்கமே மாதக் கூலிக்கு வைத்துத் தறி தறியாக அனுப்பலாம். வலப்பக்கத்து இடத்துக்கு வயது வந்த ஆளே வேண்டும். அவரே நாளைய நெசவாளர் என்பதால், அவர் கூலி அவர் பெயரில், அவர் வங்கிக் கணக்கில் சேர வேண்டும்.

விவசாயப் பக்கத்தில், நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வாடகைக்குத் தரும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் இப்போது பல உள்ளன. இயந்திரம் வாங்குவது எளிது. யாருக்கு எப்போது என்று முடிவு செய்வதுதான் கடினம். நமது ஏரிப்பாசனத்தில் மடை திறந்ததும் எல்லா வயலும் ஒரே நேரத்தில் நடவுக்கு வந்து நிற்கின்றன. அதுபோல் நவரை அறுவடையில் எல்லாரும் ஒரே வாரத்தில் இயந்திரத்தை அழைப்பதால், வெளி மாவட்டத்து வண்டிக்காரர் கேட்ட வாடகையைக் கொடுக்க நேர்கிறது. தைவானின் நாற்று நிலையத்தைப் போன்று, மடைவாரியாகத் தேதி குறித்து, அத்தேதிக்கேற்பப் பாய் நாற்றங்காலை முன்பின்னாக விதைத்தால், ஓர் இயந்திரம் பல மடைகளுக்குப் போதும். இதற்குத் தண்ணீர் முறையையும் நாற்று முறையையும் ஒருவரே பார்க்க வேண்டும். ஏரிச் சங்கம் ஒரு பக்கமும் கடன் சங்கம் ஒரு பக்கமுமாக இருந்தால் நடவாது.

ஏரியைப் பார்க்க ஒரு குழு, தோட்டத்தைப் பார்க்க ஒரு குழு, பொன்னைப் பார்க்க ஒரு குழு என்று வைத்துக்கொண்ட ஊர் நமது உத்திரமேரூர். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் உள்ளன. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை முறையில் ஆள் தேர்ந்த செய்தி உலகறிந்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் தேர்வுக்குத் தகுதியற்றவர் என்ற விதியைப் பேச்சாளர்கள் விழாதோறும் எடுத்துக்காட்டுவர். அவ்விதியின் அருமையை நாமும் ஒப்புகிறோம். ஆனால் அதே கல்வெட்டில், கால் வேலிக்கு மேல் இறைநிலம் உடையவனே பெயர் எழுதப்படத் தக்கவன் என்றும் இருக்கிறது. அந்நிலத்தில் சேற்றில் நின்றவர்களின் பெயருக்கு அந்தக் குடத்தில் ஓலை இல்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னையோரை இன்றைய அளவுகோலால் அளப்பது முறையன்று. இன்றைய நம்மை அளந்துகொள்ளலாம். நமது அங்கத்தினர் பதிவேட்டில் தறி உடையவர் பெயரும் பட்டா உடையவர் பெயரும் இருக்கின்றன. தார் சுற்றுபவர் எத்தனை பேர், துணைக்கு உட்கார்பவர் எத்தனை பேர், நிலம் கணவர் பெயரில் இருக்க வயலைத் தாமே நடத்தும் பெண்கள் எத்தனை பேர் என்பதற்கு அதில் பத்தி கிடையாது. அவர்களையும் அங்கத்தினராக்க வேண்டும் என்ற கருத்து நிர்வாகக் குழுவில் சிலருக்கு உவப்பாயிருக்காது என்பதை அறிவோம். வாக்குகள் கூடுமே என்று ஒருவர் நம்மிடம் வெளிப்படையாகவே கவலைப்பட்டார்.

வருகிற பொதுக்குழுவில் கூலி விகிதம் விவாதத்துக்கு வரும். அதற்கு வரும் நெசவாளர் ஒவ்வொருவரும், தாம் கடைசியாக நெய்த சேலைக்கு வீட்டில் யார் யார் எத்தனை நாள், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்பதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வருமாறு கேட்டுக்கொள்கிறோம். விவசாயிகள் தம் மடையின் பெயரையும் சென்ற நவரையில் நட்ட தேதியையும் அறுத்த தேதியையும் எழுதி வந்தால் போதும். நாட்கணக்கு நினைவில்லாத ஆடவர் வீட்டில் கேட்டு எழுதிக்கொள்ளலாம். தார் சுற்றியவருக்கு அது தவறாமல் நினைவிருக்கும்.